சீமெண்ணெய்ச் சண்டை

வாடே மருமவனே, உக்காரு. பம்புசெட்டுப் பங்குல அண்ணங்கூடப் பேச்சுவார்த்தை இல்லையாமே? ரொம்ப நல்லது, விட்டுக்குடுத்துராத. நிலாவுக்கே ஆளனுப்பப் போன ரஷ்யாக்காரனும் இப்படித்தான் வீம்பா நின்னான். அமெரிக்காக்காரன் ஜெயிச்ச கதைய ஊரே சொல்லுது. தோத்த வீட்டுக் கதையிலதாம்டே ருசி.

ராக்கெட்டு கட்டுனவரு கொரலியோவ். இஞ்சின் செஞ்சவரு குளுஷ்கோ. 1938ல, ஸ்டாலின் காலத்துல, ரெண்டு பேரையும் பிடிச்சு உள்ள போட்டாவ. கொரலியோவ் கொலிமா கைதி முகாம்ல பல்லெல்லாம் கொட்டிப் பாதி உசுரா மீண்டவரு. பெறகு கசான் ஊர்ல கைதியாவே குளுஷ்கோவுக்குக் கீழ வேலை பாத்தாரு. இப்படிக் கூடிச் சீரழிஞ்சவங்க ஒத்துமையா இருப்பாங்கன்னு நெனைக்கியா? வெள்ளந்திடே நீ.

ககாரின் மேல போனதெல்லாம் இவங்க கைவேலைதான். நிலான்னு வரவும் எண்ணெயில வந்துச்சு வம்பு. சீமெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் போதும்னாரு கொரலியோவ். அம்மாம் பெரிய இஞ்சினுக்கு அது தோதுப்படாது, என் எரிபொருள்தான்னாரு குளுஷ்கோ. குளுஷ்கோ சொன்ன எரிபொருளு ஆளக் கொல்லுற விஷம்லா? ரெண்டு பேரும் எறங்கி வரல. கொரலியோவ் விமான இஞ்சின் செய்யுற குஸ்னெத்சோவ்கிட்டப் போனாரு. அவரு சின்னச் சின்னதா செஞ்சு குடுத்தாரு. நிலாவுக்குன்னு கட்டுன என்-1 ராக்கெட்டோட அடியில 30 இஞ்சின்! அமெரிக்காக்காரனோட சாட்டர்ன்-5ல அஞ்சே அஞ்சு. முப்பதையும் ஒண்ணாத் தரையில வச்சு ஒருதடவகூட எரிச்சுப் பாக்கல. செலவு மிச்சமாம்.

பழியெல்லாம் சண்டைமேலயே போட முடியாது. அமெரிக்கா அதிபர் கென்னடி 1961லயே சவால் விட்டாரு. ரஷ்யா மேலிடம் நிலாவுல ஆள எறக்கச் சம்மதிச்சதே 1964லதான். 1966ல கொரலியோவ் ஆப்பரேசன்ல செத்துப்போனாரு. அதுவரைக்கும் அவரு பேரையே வெளிய விடாம மூடி வச்சிருந்தாவ. செத்தபெறகு பெரிய மரியாதை, கேக்கவா வேணும்!

என்-1 நாலு தடவ கெளம்புச்சு, நாலும் பாழ். 1969 ஜூலை 3ல விழுந்தது ஏவுதளத்தையே தின்னுட்டுது. அதுக்குப் பதிமூணாம் நாள் ஆம்ஸ்ட்ராங் நிலாவுக்குக் கெளம்பிட்டாரு.

1974ல மொத்தப் பொறுப்பும் குளுஷ்கோ கைக்கு வந்துச்சு. என்-1 வேலைய நிறுத்திப்போட்டாரு. பெறகு எனர்கியான்னு தன் பங்குக்கு ஒரு பெரிய ராக்கெட்டு கட்டுனாரு, 1987ல பறந்துச்சு. அதோட பக்கத்து ராக்கெட்டுக்கு அவரு செஞ்ச இஞ்சின் எதுல எரிஞ்சுதுங்க? சீமெண்ணெயும் திரவ ஆக்சிஜனும். சிரிக்காதடே. கொரலியோவ் செத்து அப்பவே 21 வருசம் ஆயிட்டுது.