அளவு 600, பயம் 6,000

கேள்வி: ராஜபாளையத்தில் ரத்தம் கொடுத்தேன். ஆன்டி டிபிஓ 600. முப்பத்து நாலுக்குள் இருக்கணுமாம். டிஎஸ்எச் 2.8. இரண்டு நாளாகத் தூக்கமில்லை.
(வாசகி, வ. புதுப்பட்டி)

பதில்: இன்று தூங்குங்கள் அம்மா. தைராய்டு இப்போது ஒழுங்காக வேலை பார்க்கிறது என்று சொல்வது, தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச்சின் அந்த 2.8. டிபிஓ என்பது தைராய்டு ஹார்மோன் உருவாகத் தேவையான நொதி. காவல்காரன் வீட்டு ஆளையே திருடன் என்று பிடிப்பதுபோல, உடம்பே அந்த நொதிக்கு எதிராக ஆன்டிபாடி உண்டாக்கியிருக்கிறது. சீட்டில் 'ஹாஷிமோட்டோ' என்று எழுதினால் அரள வேண்டாம். 1912-ல் இந்த நோயை விவரித்த ஜப்பானிய மருத்துவர் பெயர் அது. இங்கிலாந்தின் விக்கம் பகுதியில் 20 ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். டிஎஸ்எச் சரியாக இருந்து ஆன்டிபாடி மட்டும் இருந்த பெண்களில், ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 2 பேருக்கே தைராய்டு குறைந்தது. டிஎஸ்எச்சும் ஏறியிருந்தால் 4 பேருக்கு. 600-க்கென்று தனி மாத்திரை கிடையாது. ஆண்டுக்கொரு டிஎஸ்எச் பாருங்கள்.

கேள்வி: மறுபடி ஸ்ரீவில்லிபுத்தூரில் எடுத்தேன், 210. குறைந்துவிட்டதா?

பதில்: ஒரு வியாபாரி தேங்காயை எண்ணி எடுப்பார், இன்னொருவர் எடை போட்டு எடுப்பார். இரண்டு கணக்கையும் ஒப்பிட்டு விளைச்சல் குறைந்தது என்போமா? ஒவ்வொரு லேபின் கருவிக்கும் அளவு வேறு. ஏறினாலும் இறங்கினாலும் வைத்தியம் மாறாது. அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

கேள்வி: அயோடின் உப்பு, பால்கோவா?

பதில்: இரண்டும் சாப்பிடலாம். கூடுதல் அயோடின் மாத்திரைதான் ஆகாது. தைராக்சின் மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் போட்டு, பால், காபியை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கட்டும். முடிக்காகப் பயோட்டின் விழுங்குகிறவர்கள் ரத்தம் கொடுக்க இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள்; டிஎஸ்எச் கணக்கையே அது புரட்டிவிடும்.

கேள்வி: கல்யாணமான மகளுக்கும் டிபிஓ பாசிட்டிவ். குழந்தைக்குக் காத்திருக்கிறாள்.

பதில்: இங்கேதான் அசட்டை கூடாது. முதல் மாதங்களில் கருவின் மூளை தாயின் தைராய்டு ஹார்மோனை நம்பித்தான் வளர்கிறது. நாள் தள்ளியது தெரிந்ததும் டிஎஸ்எச்; பிறகு ஐந்தாம் மாதம் வரை நாலு வாரத்துக்கொரு தடவை. அளவு ஏறினால் டாக்டர் மாத்திரை தருவார், தயங்காமல் போடட்டும். பேறு முடிந்தும் ஒரு வருஷம் கவனம் வேண்டும். முதலில் படபடப்பு, அப்புறம் எழுந்திருக்கவே முடியாத அசதி என்று தைராய்டு ஆட்டம் காட்டலாம். "பிள்ளை பெத்தவளுக்கு அப்படித்தான் இருக்கும்" என்று சம்பந்தி வீட்டில் சொன்னாலும், நீங்களே கூட்டிப்போய் ஒரு டிஎஸ்எச் பார்த்துவிடுங்கள்.