பேரனுக்குப் பேரனும் பேரன்

ஏ பேராண்டி, இங்க வந்து உக்காரு. கல்யாணப் பத்திரிகையில உன் பேருக்கு முன்னால ‘ஜமீன்’னு போடணும்னு ஒத்தக்கால்ல நிக்கியாமே. போடு, போடு. நம்ம ஜமீனோட ரெண்டு வெள்ளாடும் சந்தோஷப்படும். அதுக்கு முந்தி ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக் கதையைக் கேட்டுட்டுப் போ.

இங்கிலாந்துல ஹெர்ட்ஃபர்டுன்னு ஒரு ஊரு. அங்க தாமஸ் டிம்ஸ்டேல்னு ஒரு வைத்தியர். பெரியம்மை கண்டவன் கொப்புளத்துல துளி சீழை எடுத்து, நல்லா இருக்கிறவன் கையில லேசாக் கீறி வச்சிருவாரு. இளசா அம்மை போட்டு இறங்கிரும்; அதோட சரி. நான் சொல்லப்போறது, ஜென்னர்னு இன்னொரு வைத்தியர் பசு அம்மையை எடுத்துக் குத்துறதுக்கு 28 வருசம் முந்தின சங்கதி.

1768-ல ரஷ்யச் சக்கரவர்த்தினி காத்தரீன் ஆளனுப்பி அவரைக் கூப்பிட்டா. போயிட்டாரு மனுசன். கை பிசகி அந்தம்மா கண்ணை மூடியிருந்தா இவர் கதி என்ன? தப்பிச்சு ஓடுறதுக்கு வழி நெடுகக் குதிரை கட்டி வச்சிருந்ததாச் சொல்லுவாக. இதை நல்லா மனசுல வாங்கிக்கோ: பெரிய இடத்து வேலைக்குப் போறவன், கூலி பேசுறதுக்கு முந்தி குதிரையைப் பேசணும்.

அந்தம்மா பிழைச்சா. மகன் பாவெலும் குத்திக்கிட்டுப் பிழைச்சான். டிம்ஸ்டேலுக்கு 10,000 பவுன், வழிச்செலவுக்கு 2,000, வருசா வருசம் 500. பத்தாததுக்கு ரஷ்யப் பேரரசோட ‘பேரன்’ பட்டம், வம்சத்துக்கே. கூடப்போன மகன் நதானியேலும் பேரன். அவுக பாஷையில பேரன்னா பிரபு, நம்ம பாஷையில பேரன்னா நீ. பேரனுக்குப் பேரனும் பேரன்தான் அந்த வீட்டுல!

இதுல கூத்து என்னன்னா, டிம்ஸ்டேல் பிறந்தது குவேக்கர் குடும்பம். ராஜாவே எதுக்க வந்தாலும் தொப்பியைக் கழத்தமாட்டோம், பட்டம் பதவிக்கெல்லாம் தலைகுனிய மாட்டோம்னு வீம்பு பிடிச்ச கூட்டம் அது. வேத்து மார்க்கத்துப் பொண்ணைக் கட்டினதுக்கு அவரை முன்னாடியே தள்ளி வச்சிட்டாக. அதுவும் நல்லதுக்குத்தான், இல்லேன்னா பட்டத்தை எந்தப் பரணுல ஒளிச்சு வைப்பாரு?

1917-ல ரஷ்யாவுல புரட்சி வந்து ராஜா, பிரபு, பட்டம் எல்லாத்தையும் வழிச்சுத் துடைச்சுட்டாக. மாடும் போச்சு, தொழுவமும் போச்சு. கழுத்து மணி மட்டும் இங்கிலாந்துல கிணுகிணுன்னு ஆடிக்கிட்டே இருந்துச்சு. கீறுகத்தியைக் கையால தொடாதவனும் பேரன்!

ஒரு ஆளை விட்டுட்டேன் பாரு. காத்தரீனுக்குக் குத்துன சீழ் யார் உடம்புல எடுத்தது? மார்க்கோவ்னு ஒரு பொடியன். அவனுக்கும் பிரபுப் பட்டம் குடுத்து, பேரோட ‘ஓஸ்பென்னி’ன்னு சேத்தாக. ஓஸ்பான்னா அவுக பாஷையில பெரியம்மை. அம்மை மார்க்கோவ்! எதுக்குக் கிடைச்சதுன்னு பேர்லயே எழுதி வச்ச பட்டம் அது.

நீயும் ‘ஜமீன்’னு போடு, வேண்டாங்கல. அதுக்குக் கீழேயே எதுக்குக் கிடைச்சதுன்னு ஒரு வரி சேத்துரு. அந்த ஒரு வரிக்கு அச்சுக்கூலி நான் தாரேன்.