மே 15 வரை இது விரிசல் வீடு

கலிபோர்னியாவில் 1978-இல் வந்த 13-ஆம் முன்மொழிவின் தயவால், வீட்டு விலை எவ்வளவு எகிறினாலும், விற்காதவரை சொத்து வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. அந்தச் சுகத்தை உதறிவிட்டு, ‘டெக்சாஸில் மாநில வருமான வரியே கிடையாதாம்’ என்று மூட்டை கட்டுகிறார்கள். கிடையாதுதான். கொடுக்கிற தெய்வம் கூரையைப் பிய்த்துக்கொண்டு கொடுக்குமாம். எடுக்கிற கவுண்டியும் அதே வழியாகத்தான் வருகிறது. பள்ளி, நகராட்சி, தண்ணீர் என்று எல்லாம் சேர்ந்து, புறநகர்களில் வீட்டு மதிப்பில் ஆண்டுக்கு 2 சதவீதம் சொத்து வரி என்பது சர்வசாதாரணம்.

வேடிக்கை, வரிக்காக வீட்டை மதிப்பிட்டு அனுப்பும் நோட்டீஸ் வந்த பிறகுதான். விருந்தாளிகளிடம் கிரானைட் மேடையைத் தடவித் தடவிக் காட்டிய அதே மனிதர், மதிப்பைக் குறைக்கச் சொல்லும் ஆட்சேப விசாரணையில் அஸ்திவார விரிசலின் போட்டோவை நீட்டி, “இதெல்லாம் ஒரு வீடாங்க?” என்கிறார். ஆட்சேபிக்கக் கெடு பொதுவாக மே 15. ஜூனில் விற்பனைக்குப் போட்டால், விளம்பரத்தில் கிரானைட் மட்டும்தான் பளபளக்கும்.

குடிபெயர்கிறவர்களே, வீட்டு விலையோடு அந்தத் தெருவின் மொத்த வரி விகிதத்தையும் கேட்டுவிட்டு லாரியைக் கூப்பிடுங்கள்.