விற்பனைக்கால வீட்டுக்காரர்

18 ஆண்டுகளாகச் சொட்டிய குழாய்க்கு, வீட்டை விற்பதென்று முடிவான மறுநாள் வாஷர் வாங்கக் கிளம்புபவர் விற்பனைக்கால வீட்டுக்காரர். அதுவரை குழாய்க்கடியில் ஒரு வாளி இருக்கும். தாழ்ப்பாள் விழாத கொல்லைக் கதவுக்கு அம்மிக்குழவி முட்டுக் கொடுக்கும். குளியலறை சுவிட்சை உலர்ந்த கையால் மட்டுமே தொட வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு மனப்பாடம். இவையெல்லாம் அவர் கணக்கில் குறைகள் அல்ல, வீட்டின் குணங்கள்.

தரகர் வந்து சுவரை ஒரு தட்டுத் தட்டி, "ஓதம் ஏறியிருக்கே சார், ரெண்டு லட்சம் குறைப்பாங்க" என்றதும் அவருக்குக் கண் திறக்கும். "இதைத்தானேங்க நான் 18 வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன்" என்ற குரல் சமையலறையிலிருந்து வரும். அது தரகரின் குரல் அல்லாததால் காதில் ஏறாது.

முதலில் அவர் கூப்பிடுவது பெயிண்டரை. முதலில் கூப்பிடக் கூடாதவரும் அவரே. மேலிருந்து இறங்கும் தண்ணீர் செங்கல்லின் உப்பைக் கரைத்துச் சுவரின் மேற்பரப்புக்குக் கொண்டுவரும். நீர் ஆவியானதும் உப்பு பூத்து, பூச்சை உரித்துத் தள்ளும். ஆகவே முதலில் மொட்டை மாடியில் தட்டோட்டு இடுக்குகளை அடைத்து, மழைநீர்க் குழாயில் சேர்ந்த சருகை எடுக்க வேண்டும். அடுத்து தண்ணீர்க் குழாய்கள். பிறகு மின்சாரம்: எர்த்தைச் சரிபார்த்து, 30 மில்லியாம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் கருவியைப் பொருத்தலாம். சுவர் நன்றாகக் காய்ந்த பின்னரே பட்டி, பிரைமர், பெயிண்ட். இந்த வேலைகளுக்கு ஏற்றவை தைக்குப் பிந்தைய வெயில் மாதங்கள். வீட்டுக்காரர் தேர்ந்தெடுப்பது ஐப்பசியை.

செலவு செய்யத் தொடங்கியவருக்கு அடுத்து ஒரு வேகம் பிறக்கும். கிரானைட் மேடையும் புதுப் பாணி அலமாரியும் விலை விசாரிப்பார். வாங்குபவர் வாஸ்து பார்த்து முதலில் இடிக்கப்போவது சமையலறையைத்தான் என்று கொத்தனார் எடுத்துச் சொன்ன பிறகே அந்த வேகம் தணியும்.

மிஞ்சிய வெடிப்புக்குக் காலண்டர், மிஞ்சிய ஓதத்துக்கு பீரோ. தமக்குத் தெரிந்த, வாங்குபவரின் சாதாரணக் கவனத்துக்குத் தென்படாத முக்கியக் குறையை விற்பவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவு. பீரோவுக்குச் சட்டம் தெரியாது. வாங்குபவரோடு துணைக்கு வரும் மைத்துனருக்கு பீரோவின் பின்னால் எட்டிப் பார்க்கத் தெரியும்.

எல்லாம் முடிந்தபின் கதவு ஒரு விரலுக்குச் சாத்திக்கொள்ளும். மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றுவதால் அவருக்கு இரண்டு இரவு தூக்கம் பிடிக்காது. பத்திரம் பதிவாகி, சாமான்கள் வண்டியேறும் நாளில் பழைய கட்டில் கழிக்கப்படும், அம்மிக்குழவியும் விடைபெறும். வாளியை மட்டும் அவரே கையோடு எடுத்துக்கொண்டு புது வீட்டுக்குப் புறப்படுவார்.