எர்த் சித்தப்பா

வீட்டில் ஒரு பொருள் ஓடவில்லை என்றால் நமக்கு முகம் வாடும். எங்கள் சித்தப்பாவுக்கு மலரும். திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் பிடித்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆனது அவர்தான், ஸ்பேனர் ஆகவில்லை. எந்தக் கோளாறுக்கும் அவர் வாயில் முதலில் வரும் காரணம் ஒன்றுதான்: "எர்த் சரியில்லை." மிக்ஸி நின்றாலும் எர்த், டியூப்லைட் கண்ணடித்தாலும் எர்த். பக்கத்து வீட்டு மாப்பிள்ளை தலைதீபாவளிக்கு வந்து கோபித்துக்கொண்டு போனபோதுகூட, "பையனுக்கு எர்த் கெடைக்கல" என்றார்.

அவருடைய 1998 மாடல் மாருதி 800-இன் ஹார்னுக்கு ஒரு நாள் கிறுக்குப் பிடித்தது. ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் அலறும். நேரே பிடித்தால் மௌன விரதம். காந்தி மார்க்கெட் பக்கம் ஹார்ன் அடிக்க வேண்டுமானால் இடப்பக்கம் ஒடித்தாக வேண்டும். அங்கே ஏற்கெனவே ஒரு வெங்காயத் தள்ளுவண்டி நிற்கும்.

"நாலு கடை தள்ளி எலக்ட்ரீஷியன் இருக்காரே" என்று சித்தி வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

"ஊட்டி மலை ரயிலுக்கே நீராவி எஞ்சின் செஞ்ச ஒர்க்‌ஷாப்புடி அது! ஒரு பீப்பீயைத் தூக்கிக்கிட்டு நான் கடைக்குப் போகணுமா?"

அந்த எஞ்சின் செய்ததில் இவருக்கு என்ன பங்கு என்று கேட்கும் துணிச்சல் எங்கள் குடும்பத்தில் இதுவரை யாருக்கும் வந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. கைலி, ஓட்டை பனியன், காதில் செருகிய சிவப்புப் பென்சில். பழைய இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயரைப் பற்றவைத்து அவரே செய்த டெஸ்ட் லேம்ப் கையில். அவர் பானெட்டுக்குள், நான் டிரைவர் சீட்டில்.

"அமுக்கு!"

"அமுக்கிட்டுத்தான் இருக்கேன் சித்தப்பா."

"நீ அமுக்குற அமுக்குல கொசுகூடச் சாகாதுடா."

வாய் இப்படியே தவிர, மனிதருக்கு முறை தெரியும். பீஸைப் பிடுங்கி வெயிலில் தூக்கிப் பார்த்தார். உள்ளே கம்பி அறுபடவில்லை. பேட்டரியிலிருந்து நேராக ஹார்னுக்கு இரண்டு வயர் கொடுத்தார். அது போட்ட கூச்சலில் எதிர்வீட்டுத் தாத்தா பேப்பரோடு எழுந்து நின்றுவிட்டார். பீஸ் நலம், ஹார்ன் நலம். அப்படியானால் கோளாறு ஸ்டீயரிங்குக்குள்.

"ஹார்னுக்குக் கரண்ட் எப்பவும் வாசல்ல வந்து நிக்கும்டா. நீ அமுக்குறப்ப போய்ச் சேர்றது எர்த்துதான். அதான் இங்க கெடைக்கல."

வாழ்க்கையில் முதல்முறையாக அவர் எர்த் என்று சொன்னது உண்மையாகவே எர்த்தாக இருந்தது. எனக்கே கண் கலங்கிவிட்டது.

பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு, ஹார்ன் மூடியை நெம்பி எடுத்து, நடு நட்டை அவிழ்த்து, ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டி உருவினார். ஸ்டீயரிங் சுற்றும்போது வயரும் கூடவே சுற்றினால் முறுக்கி அறுந்துபோகும். அதற்காக ஸ்டீயரிங்கின் முதுகில் ஒரு பித்தளை வளையம். கீழே ஸ்பிரிங் வைத்த சின்ன முனை ஒன்று அதை உரசிக்கொண்டே இருக்கும். வளையத்தில் ஓர் இடம் மட்டும் கறுத்து, பழைய கிரீஸ் அப்பளம் போல் காய்ந்து ஒட்டியிருந்தது. நேரே போகும்போது முனை உட்காருவது அந்த இடத்தில்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். கார்த்திகைக்கு விளக்கிய குத்துவிளக்கு மாதிரி வளையம் மின்னியது. ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இழுத்துவிட்டு, எல்லாவற்றையும் மாட்டி, அமுக்கினார். இடது, வலது, நேர், எல்லாப் பக்கமும் கணீரென்று அடித்தது.

பிறகு தெருவுக்கே கேட்கட்டும் என்று கால்மணி நேரம் அடித்தார். ஆஸ்பத்திரியைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. தெருமுனை நர்சிங் ஹோமிலிருந்து எங்கள் வாசல் 110-ஆவது மீட்டர். டேப் வைத்து அளந்தே வைத்திருக்கிறார்.

வெள்ளோட்டம் போனபோதுதான் தெரிந்தது. வண்டி நேராகப் போகிறது. ஸ்டீயரிங் மட்டும் வரவு செலவு கேட்கும் மாமியார் தலை மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. ஸ்டீயரிங் தண்டில் பல் பல்லாக இருக்கும். உருவுவதற்கு முன்பு தண்டையும் ஸ்டீயரிங்கையும் சேர்த்து ஒரு கோடு போட்டிருக்க வேண்டும். பென்சில் காதிலேயே இருந்தது. ஸ்டீயரிங் ஒரு பல் தள்ளி உட்கார்ந்துவிட்டது. இப்போது ஒரு பக்க இண்டிகேட்டர் வண்டி திரும்பி முடிப்பதற்குள் அணைந்துவிடுகிறது.

"வண்டி நேராத்தான போகுது? வீல் அலைன்மென்ட்டா இருக்கும்" என்றார். அலைன்மென்ட் சரியாகத்தான் இருந்தது.

இப்போது அவருடைய பார்வை என் கார் மேல் விழுந்திருக்கிறது. அதில் ஏர்பேக் உண்டு. 2019 ஜூலைக்குப் பிறகு வந்த கார்களில் டிரைவர் பக்கம் அது கட்டாயம். ஹார்னை அமுக்கும் இடத்துக்குக் கீழேதான், கண்ணிமைப்பதற்குள் வெடித்து விரியும் அந்தப் பை மடிந்து கிடக்கிறது. தெரிந்த மெக்கானிக்கே பேட்டரியைக் கழற்றி, சில நிமிடம் காத்திருந்துதான் அதில் கை வைப்பார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு சித்தப்பா இருப்பார். பழைய வண்டி என்றால் தாராளமாகக் கொடுங்கள். காதில் இருக்கும் பென்சிலை எடுத்து அவர் கையில் கொடுங்கள். ஏர்பேக் வண்டி என்றால் சாவியை அரிசிப் பானைக்குள் போட்டுவிடுங்கள்.