வெகுளி நான்கு, ரசம் ஒன்று

ஆபீசில் மனநலப் பயிற்சி என்று ஒருநாள் ஆளுக்கொரு உலர்ந்த திராட்சையைக் கையில் கொடுத்தார்கள். பாயசத்துக்கு வெளியே அதைத் தனியாகச் சந்திப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. உற்றுப் பார்க்க வேண்டும், முகர வேண்டும், காதோரம் வைத்து உருட்ட வேண்டும், அப்புறம்தான் வாய். 1979இல் அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய பயிற்சியில் இதுவும் ஒன்றாம். பயிற்சியாளர் இதைச் சொல்லி முடிப்பதற்குள் என் திராட்சை உள்ளே போயிருந்தது. இன்னொன்று தந்தார். அதுவும் போயிற்று. மூன்றாவது தரவில்லை. "நீங்க கோபம் வர்ற நேரத்தை மட்டும் ஒரு நோட்டுல எழுதுங்க சார்" என்றார்.

எழுதினேன். திங்கள் 12.50: பிரிண்டரில் பேப்பர் சிக்கியது. செவ்வாய் 1.05: மேனேஜர் 'ஒரு நிமிஷம்' என்று கூப்பிட்டார். புதன் 12.40: சாப்பாட்டு டப்பாவில் ரசம் ஒழுகி ஃபைல் நனைந்தது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வெகுளி, அதாவது கோபம், பிறக்க நான்கே காரணம் சொல்கிறார்: உறுப்பை அறுத்தல், குடியைக் கெடுத்தல், அலைத்தல், கொலை. மேனேஜரை இழுத்துப் பிடித்து 'அலைத்தல்' கணக்கில் சேர்க்கலாம். ரசத்துக்கு இடமே இல்லை.

நோட்டை மனைவி எடுத்துப் படித்தாள். "எல்லாம் பன்னண்டரைக்கு மேலேயே வருதே? இது கோபமில்லீங்க, பசி."

"ஞாயித்துக்கிழமை? இட்லி சாப்பிட்ட பிறகும் வந்திருக்கே?"

"அது நிஜக் கோபம். முதல்ல உங்க வலது காது சிவக்கும். அப்புறம் கண்ணாடியைக் கழட்டி பனியன்ல துடைப்பீங்க. வேட்டியை மடிச்சுக் கட்டுறதுக்குள்ள நானும் பசங்களும் மாடிக்குப் போயிடுவோம்."

ஞாயிறுதோறும் மொட்டை மாடியில் இவர்களுக்கு என்ன வேலை என்று நான் யோசித்ததுண்டு. வடாம் காயப்போடுகிறார்கள் என்றே இத்தனை வருடமும் நம்பியிருந்தேன். மெய்யில் தெரிவதால்தானே கோபத்துக்கு மெய்ப்பாடு என்று பெயர்? என் காதில் எழுதி ஒட்டியிருந்ததை வீடே படித்திருக்கிறது. காது என்னுடையது என்பதால் என் கண்ணுக்குத்தான் எட்டவில்லை.

இப்போது மேஜை டிராயரில் பிஸ்கட் இருக்கிறது, 12.15க்கு இரண்டு. மீட்டிங்கில் அவ்வப்போது வலது காதைத் தொட்டுச் சூடு பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் மேனேஜர் 'ஒரு நிமிஷம்' என்று தனியாகக் கூப்பிட்டு, அக்கறையாக ஒரு காது டாக்டரின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். மணி 12.55. பிஸ்கட் அன்று தீர்ந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன், சுட்டது.