‘ஆனால்’ மாஸ்டர்

கண்டியில் தமிழ்ப் புத்தகம் வாசிக்கும் கூட்டம் சிறியது. அந்தச் சிறிய கூட்டத்துக்குள்ளும் ஓர் ‘ஆனால்’ மாஸ்டர் கட்டாயம் இருப்பார். கட்டுக்கலையில் ஒருவர், கட்டுகஸ்தோட்டையில் ஒருவர், பேராதனைப் பக்கம் இரண்டு மூன்று பேர். படிப்பித்திருக்க வேண்டும் என்றில்லை. வங்கியில் இருந்து பென்ஷன் எடுத்தாலும் மாஸ்டர்தான். திருநங்கைகளின் சுயசரிதைகளான ரேவதியின் ‘வெள்ளை மொழி’யையோ லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’வையோ பாடசாலைக் கொப்பிக்குப் போடுவதுபோல ஞாயிற்றுக்கிழமை வீரகேசரியால் உறை போட்டுத்தான் பஸ்ஸில் கொண்டுபோவார். வெளியே மணமகன் தேவை விளம்பரம், உள்ளே வித்யா. வாசித்து முடித்ததும் “நல்ல புத்தகம்தான்” என்று தொடங்குவார். அதோடு நிறுத்தும் மாஸ்டரைக் கண்டி வாவியை எத்தனை முறை சுற்றி வந்தாலும் காணக் கிடைக்காது. “நல்ல புத்தகம்தான், ஆனால்...”

அந்த ‘ஆனால்’ ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு அழுகை போதாது, இன்னொருவருக்கு அழுகை கூடிவிட்டது. சத்திரசிகிச்சையை இவ்வளவு விலாவாரியாக எழுத வேண்டுமா என்று கேட்கும் ஒருவர், கேட்ட மூச்சிலேயே அந்தப் பக்க எண்ணையும் சொல்வார். மொழிக் காவலருக்கு ஒற்றுப்பிழைதான் உறுத்தும். வித்யா தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் முதுகலை படித்தவர். சிவப்புப் பேனாவோடு வாசித்த வேகத்தில் அந்த இடம் கண்ணுக்குத் தப்பியிருக்கும். இவர்கள் ஒருவரோடொருவர் சண்டை பிடிப்பதைப் பார்த்தால் கருத்து வேறுபாடு என்றே தோன்றும். ஆனால் (பாருங்கள், தொற்றிக்கொள்கிறது) எல்லோருடைய கருத்திலும் எழுதியவர் நிற்கும் இடம் ஒன்றுதான், சாட்சிக் கூண்டு. மாஸ்டர் ஒருநாள் டொக்டர், ஒருநாள் நீதவான், ஒருநாள் வினாத்தாள் திருத்துபவர். வாசகராக இருக்க மட்டும் அவருக்கு நேரம் கிடைப்பதில்லை.

மற்றவர்களின் சுயசரிதைகளை இவர் எப்படி வாசிக்கிறார் என்று பார்த்தால் விஷயம் வெளிக்கும். தகப்பன் உயிர் பிரிந்த நேரத்தில் தான் மனைவியின் பக்கத்தில் இருந்ததைக் காந்தி ‘சத்திய சோதனை’யில் எழுதியிருக்கிறார். அதையெல்லாம் எழுத வேண்டுமா என்று மாஸ்டர் கேட்டதில்லை. வாய்மையின் உச்சம் என்று பேச்சுப் போட்டிக்கு எழுதிக் கொடுத்திருப்பார். நாமக்கல் கவிஞரின் ‘என் கதை’யை வாசித்துவிட்டு, இவர் ஆண்தான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று எவரும் கேட்கவில்லை. ரேவதியும் நாமக்கல் பக்கத்தவர்தான். அவர் பெண் என்பதை நம்புவதற்கு மட்டும் ஒரு முழுப் புத்தகம் போதவில்லை. அவர் தமிழில் எழுதியது வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010இல் ஆங்கிலப் புத்தகமாக முதலில் வந்து, அதற்குப் பிறகுதான் தமிழ்ப் புத்தகமாயிற்று. சொந்த வீட்டுக்குள் பின்கதவால் வந்த கதை. ‘நான் வித்யா’ கன்னடத்தில் படமாகி, அதில் நடித்த சஞ்சாரி விஜய்க்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. அந்தப் படத்துக்கு மாஸ்டரிடம் ‘ஆனால்’ இல்லை. “என்ன நடிப்பு!” என்று உருகுவார். வாழ்ந்தவரிடம் சான்று கேட்டவர், நடித்தவரைப் பார்த்த உடனே நம்பிவிடுகிறார்.

“இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு” என்று சொல்லும்போது அவர் கையில் பிளேன் டீ இருக்கும். அந்தத் தேயிலையை 1867இல் இதே கண்டிக்கு அண்மையில் லூல்கந்துரையில் பயிரிட்டவர் ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெய்லர். இயற்கைக்கு மாறானவர்கள் என்று சிலரைக் குற்றவாளியாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவும் வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதான், 1883இல். 1995இல் நாங்கள் அதன் துணைப்பிரிவைத் திருத்தினோம்: ஆண்களுக்கு மட்டும் இருந்த குற்றத்தைப் பெண்களுக்கும் பொதுவாக்கினோம். பால் சமத்துவத்தில் இவ்வளவு தூரம் போன நாடு குறைவு. உள்ளூர்ச் சரக்கு வேண்டுமென்றால் தொல்காப்பியம் இருக்கிறது. ஆண்மை திரிந்தோர் பெயருக்கு எந்தப் பால் ஈறு வரும் என்று கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே தொல்காப்பியர் யோசித்து, அவர்களை உயர்திணைக்குள் வைத்துத்தான் விதி சொல்கிறார். தொல்காப்பியத்தைக் கரைத்துக் குடித்த மாஸ்டர் ரேவதியைப் பற்றிக் கதைக்கும்போது ‘அவன்’ என்று தொடங்கி, ‘அவர்’ என்று தடுமாறி, ‘அது’ என்று போய் விழுகிறார். அஃறிணை.

மலையகத்தில் பிறந்தவர் இப்படித் தடுமாறுவதுதான் விளங்கவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இங்கே பிறந்து வளர்ந்தவரிடம் தகப்பன் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. அந்த வழக்கின் வால் 2003 வரை நீண்டது. கடுதாசி இல்லாததால் மனிசன் இல்லாமல் போவதா என்று கேட்கும்போது மாஸ்டரின் குரல் கம்மும், நியாயமான கோபம். இன்று தன் பிறப்புச் சான்றிதழில் பால் மாற்றப்பட வேண்டுமென்றால் ஒரு திருநங்கை மனநல வைத்தியரிடம் போய்ப் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் வாங்க வேண்டும். 2016இலிருந்துதான் அந்த வழியாவது உண்டு. இரண்டும் ஒரே கடுதாசிக் கதை என்றால், “அது வேற, இது வேற” என்பார்.

“அப்ப, குறையே சொல்லக் கூடாதோ?” தாராளமாகச் சொல்லலாம். ‘வெள்ளை மொழி’யில் வீட்டை விட்டுப் போவதும் திரும்பி வருவதும் அடிபடுவதும் மறுபடி மறுபடி வருகின்றன, சுருக்கியிருக்கலாம் என்றால் அது விமர்சனம். கதவு அத்தனை தரம் சாத்தப்பட்டதே, எந்தத் தரத்தை வெட்டுவது என்று இன்னொருவர் கேட்டால் அதுவும் விமர்சனம். என் வாக்கு இரண்டாமவருக்கு. அந்தச் சண்டை புத்தகத்துக்குள் நடக்கிறது. சகிக்க முடியாதவர் ‘ஆனால்’ போடாத ஒரே ஆளான கண்ணீர் வாசகர்தான்: “பாவம், அதுகளும் மனிசர்தானே!” வித்யா கேட்பது வேலையும் மரியாதையும், இவர் நீட்டுவது கைக்குட்டை.

கடைசி ‘ஆனால்’ எப்போதும் பிள்ளைகளைப் பற்றியது. வீட்டில் பிள்ளைகள் கையில் கிடைத்தால் என்னாவது? அதனால் புத்தகம் அலுமாரியில் கந்தபுராணத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. மாஸ்டர் கவனிக்காதது ஒன்று உண்டு. அவர் போட்ட உறை போன வருடத்து வீரகேசரி. இப்போது இருப்பது இந்த மாதத்துத் தாள்.